சத்தமாகச் சொல்லச் சொன்னவள்

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஒரு வாளி, ஒரு கல், இரண்டு கை. இதை வைத்துத் தொடங்கினேன். இன்றைக்கு மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் ஆபரேஷன் அங்கியும் என் சலவைக்கூடத்தில்தான் வெளுக்கின்றன. ஆள் உயரத்துக்கு நாலு மெஷின். கறையைப் பார்த்தே அது ரத்தமா மருந்தா, நேற்றையதா முந்தாநாளையதா என்று சொல்லிவிடுவேன். பட்டம் வாங்கியவர்கள் யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்.

ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல. அதற்கு இந்த நோட்டு பத்தாது. என் மருமகளைப் பற்றி. நர்சிங் கல்லூரியில் டீச்சர். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறவள். என்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் தினமும் மாலை ஐந்து மணிக்கு அவளைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, எட்டு மணிக்குத் திரும்பக் கூட்டி வருவது என்னுடைய வண்டி. போகும்போது அவள் முகம் எப்படி இருந்தது, வரும்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்?

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வார்டு நர்ஸ். என் மகன் மெஷின்களோடு மட்டும் பேசுகிறவன். அவளோ வாயை மூடி வைக்கத் தெரியாதவள். வந்த முதல் வாரமே சலவைக்கூடத்துக்குள் நுழைந்து நாலு பக்கமும் பார்த்தாள்.

"மாமா, அழுக்குத் துணி வர்ற கதவும் இதுதானா? வெளுத்த துணி போற கதவும் இதுதானா?"

"முப்பது வருஷமா இப்படித்தான் நடக்குது."

"முப்பது வருஷமாத் தப்பு மாமா."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் கொத்தனாரை வரச்சொல்லிச் சுவரை இடித்து இரண்டாவது கதவு வைத்தேன். யார் பேச்சைக் கேட்டும் ஒரு செங்கல்லை நகர்த்தியவன் இல்லை நான். அந்தக் கதவு ஒன்றுதான் அடுத்தவர் சொல்லி வைத்தது.

பத்து வருஷம் வார்டில் நின்று வேலை பார்த்தாள். பிறகு மேலே படித்து டீச்சர் ஆனாள். கல்லூரியில் பகல் வகுப்பு என்றால் டீச்சர்கள் நான் நீ என்று வருவார்கள். மாலை வகுப்பு என்றால் ஆளுக்கு ஒரு தலைவலி வந்துவிடும். ஏனென்றால் மாலையில் படிக்க வருவது சின்னப் பிள்ளைகள் இல்லை. வார்டு ஆயாக்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள், முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டிவிடுகிறவர்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, அதே செருப்போடு வந்து உட்கார்ந்து, நர்ஸ் சான்றிதழுக்குப் படிக்கிறவர்கள். பாதிப் பேருக்கு அவளைவிட வயது அதிகம். மற்ற டீச்சர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ‘தூங்குமூஞ்சி வகுப்பு’. அதை எடுத்துக்கொள்கிறேன் என்று கை தூக்கியவள் அவள் ஒருத்திதான்.

வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். தூக்கம் கண்ணைச் சுழற்றினால் எழுந்து பின்சுவரோரம் நின்றுகொள்ளலாம். ஏன் எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. ஒருநாள் சீக்கிரமே போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பாதி வகுப்பு சுவரில் சாய்ந்து நிற்கிறது.

"என்னம்மா, இத்தனை பேருக்கும் தண்டனையா?" என்று வண்டியில் கேட்டேன்.

"தண்டனை இல்ல மாமா, சலுகை. நின்னுகிட்டுத் தூங்க முடியாதுல்ல?"

"நான் தூங்கியிருக்கேன். மெஷின் வாங்காத காலத்துல."

"உங்களால முடியாதது எதுதான் மாமா இருக்கு?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பெல்லாம் அப்போது இருந்தது.

அந்த வகுப்பில்தான் ‘பன்னெண்டு’ இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டாம் வார்டில் பத்தொன்பது வருஷமாக ஆயா வேலை. டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் பன்னெண்டுதான். துணி எடுக்கப் போகும்போதெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். நூறு கிலோ ஆளை ஒரு விரிப்பை வைத்தே பக்கவாட்டில் திருப்பிவிடுவாள். படுத்திருப்பவர் ‘உஸ்’ என்றுகூடச் சொல்லமாட்டார். என் வேலையில் நான் எப்படியோ அவள் வேலையில் அவள் அப்படி. நான் யாரையும் எனக்குச் சமமாகச் சொல்கிறவன் இல்லை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. புருஷன் இல்லை. மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். அந்த வார்டுதான் வீடு, அதில் படுத்திருக்கிறவர்கள்தான் சொந்தம். அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு, சான்றிதழ் இல்லாத யாரும் நோயாளியைத் தொடக்கூடாது. ஸ்டோருக்கோ சமையலறைக்கோ துடைக்கிற வேலைக்கோ மாற்றிவிடுவார்கள். பன்னெண்டு எழுத்துத் தேர்வை எப்படியோ முட்டி மோதித் தாண்டிவிட்டாள். பிராக்டிகலில்தான் மாட்டினாள்.

பிராக்டிகல் என்றால் கட்டிலில் பிளாஸ்டிக் பொம்மை படுத்திருக்கும். அதன் வயிற்றில் ஒரு வெட்டுக்காயம். இருபது நிமிஷத்துக்குள் அந்தக் காயத்துக்கு ஒரு கிருமிகூட ஒட்டாமல் கட்டுப் போட வேண்டும். வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளர் வந்து உட்கார்ந்திருப்பார். சொல்லிக்கொடுத்த டீச்சர் உள்ளே போகக்கூடாது. இதில் ஒரு விதி. செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ‘கை கழுவுகிறேன், பொட்டலம் பிரிக்கிறேன், உள்பக்கம் தொடாமல் கிளவுஸ் போடுகிறேன்’ என்று. சொல்லாவிட்டால் செய்ததாகக் கணக்கில்லை. மூன்று தடவைதான் வாய்ப்பு. மூன்றும் போனால் பெயரை அடித்துவிடுவார்கள்.

முதல் தடவை பன்னெண்டு எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் செய்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பெயில்.

"ஏன் அக்கா? ஒரு வார்த்தைகூடவா வரல?" என்று என் மருமகள் கேட்டிருக்கிறாள்.

"பத்தொம்போது வருஷமா ‘வாயை மூடிகிட்டு வேலையைப் பாரு’ன்னுதான டீச்சர் சொன்னாங்க. இப்பத் தொறன்னா எங்க தொறக்குது?"

இந்த ஒரு தப்பு பகல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வராது. அவர்கள் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவிடுவார்கள், கைதான் நடுங்கும். வேலை தெரிந்தவர்கள்தான் இதில் விழுவார்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு இந்த நோய் இருந்தது, பன்னெண்டுக்கு முற்றிப்போயிருந்தது.

இரண்டாம் தடவை பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு போனாள். வாய் ஓடியது, கை நின்றுவிட்டது. வாய் கட்டுப் போட்டு முடித்தபோது கை இன்னும் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்ததாம். மறுபடி பெயில்.

அன்றைக்கு வண்டியில் ஏறிய என் மருமகள் பாதி வழி வரை பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு, "எனக்குத்தான் சொல்லிக்குடுக்கத் தெரியல மாமா" என்றாள். "அவங்க வேலையை நான் அவங்ககிட்ட கத்துக்கணும். நான் அவங்களுக்கு மார்க்கு வாங்கிக்குடுக்கத் தெரியாம நிக்கிறேன்."

"என் கூடத்துக்குக் கூட்டிட்டு வா" என்றேன். "நாலு மெஷினும் ஓடும்போது மெல்லப் பேசினா, பேசினவனுக்கே கேக்காது. என்கிட்ட வேலைக்கு வந்த ஊமைச்சாமி எத்தனை பேரு பத்தே நாள்ல தொண்டை கிழியக் கத்தியிருக்கான் தெரியுமா?"

நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து ஆரம்பித்தார்கள். பொம்மையை எடுத்துவரக் கல்லூரியில் அனுமதி கிடைக்கவில்லை. அதனால் துணி மடிக்கிற மேஜைமேல் நானே ஏறிப் படுத்தேன். மருமகள் சிவப்புப் பேனாவால் என் தொப்பைமேல் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுக்காயம் வரைந்தாள். மாமனார் வயிற்றில் மருமகள் கத்தி வைத்துவிட்டாள் என்று கூடத்துப் பெண்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"கேக்கல அக்கா!" என்று மருமகள் மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவாள்.

"கை கழுவுறேன்!"

"இன்னும் கேக்கல!"

"கை கழுவுறேன்னு சொல்றேன்ல!" என்று பன்னெண்டு போட்ட சத்தத்தில் ஒருநாள் என் மகன் மெஷினையே நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை. வாயும் கையும் மெல்ல மெல்ல ஒன்றுசேர்ந்து வந்தன. ஐந்தாவது ஞாயிறு ஒன்று நடந்தது, அதை மறைக்காமல் எழுத வேண்டும். கட்டுப் போடும்போது பன்னெண்டின் கிளவுஸ் விரல் மேஜை ஓரத்தில் லேசாக உரசிவிட்டது. மேஜையில் பட்ட கிளவுஸ் அதற்குப் பிறகு காயத்தைத் தொடக்கூடாது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, கை கழுவுவதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அவள் என்னைப் பார்த்தாள். மருமகள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அவ பாக்கல. நீ பாட்டுக்குப் போ" என்றேன் மெல்ல. நான் வியாபாரி. யாரும் பார்க்காத ஒரு சின்ன விஷயத்துக்காக முழு வேலையையும் கெடுத்துக்கொள்கிறவன் இல்லை.

அவளும் தொடர்ந்தாள். முடித்த பிறகு மருமகள் வந்து கட்டைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க பட்டுச்சு?"

பன்னெண்டு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நாளைக்கு உங்களுக்கே வயித்துல ஆபரேஷன்னு வைங்க. கட்டுப் போடறவங்க விரல் கட்டில்ல பட்டுடுச்சு, யாரும் பாக்கல. போட்டுட்டுப் போகட்டும்ங்கிறீங்களா? அக்கா, தப்புப் பண்றது தப்பே இல்ல. என் கைகூடத் தினம் படும். பட்டதைச் சொல்லாம விடறதுதான் ஆளைக் கொல்லும். யாரும் பாக்கலைன்னாதான் இன்னும் சத்தமாச் சொல்லணும். சொல்லுங்க."

"என்ன டீச்சர் சொல்லணும்?"

"கை பட்டுடுச்சு, இது கெட்டுப்போச்சு, திரும்ப ஆரம்பிக்கிறேன்னு."

அன்றைக்கு ஒரு மணி நேரம் வேறெதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேண்டுமென்றே விரலை உரசவிடச் சொல்லி, அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, திரும்பத் திரும்ப. நான் மேஜைமேல் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் அந்த மாதிரி நிற்கவைத்துக் கேட்டதில்லை. படுக்கவைத்து அவள் கேட்டாள்.

தேர்வு காலை எட்டரைக்கு. ஏழே முக்காலுக்குப் பன்னெண்டை ஏற்றிக்கொள்ள ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். மருமகளும் பக்கத்தில் இருந்தாள். பன்னெண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன அக்கா? லீவு போட்டிருந்தீங்களே?"

"ராத்திரி ஷிப்டுக்கு வரவேண்டியவ வரல டீச்சர். எனக்கு சாயங்காலத்தோட முடிஞ்சுது. வார்டுல முப்பத்தாறு பேரு. விட்டுட்டு எப்படி வர்றது?"

முந்தின நாள் காலையிலிருந்து நிற்கிறாள். கண் இரண்டும் என் மெஷினில் போட்டெடுத்த மாதிரி சிவந்திருந்தது.

மருமகள் கல்லூரிக்குள் ஓடினாள். நானும் பின்னால் போனேன். துறைத் தலைவி அறையில் அவள் கெஞ்சியதை நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"மேடம், ரெண்டு ஷிப்டு பாத்துட்டு வந்திருக்காங்க. நாளைக்கு மாத்திக் குடுங்க. இல்ல மத்தியானத்துக்காவது."

"மூணாவது வாய்ப்பை மாத்த முடியாதும்மா. வரலைன்னா பெயில்னுதான் போகும்."

"இது அவங்க தப்பு இல்லையே மேடம்."

"உன் தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல. மணி எட்டு பதினஞ்சு."

வெளியே வந்தாள். பன்னெண்டு தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "முடியுமா அக்கா?" என்று மருமகள் கேட்ட குரல் அவள் குரல் மாதிரியே இல்லை.

"கை செய்யும் டீச்சர். வாயும் இப்ப பழகிடுச்சு" என்று பன்னெண்டு உள்ளே போனாள்.

கதவில் ஒரு கையகலக் கண்ணாடி. மருமகள் அதில் நெற்றியை ஒட்டவைத்து நின்றாள். பார்க்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை. என் கூடத்தில் பழகிய தொண்டை, தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. "கை கழுவுறேன். பொட்டலத்தைப் பிரிக்கிறேன். உள்பக்கம் தொடாம கிளவுஸ் போடுறேன். காயத்தைத் துடைக்கிறேன்." ஒரு பிசிறு இல்லை. தங்கள் முறைக்காக வெளியே காத்து நின்றவர்கள்கூட வாயைப் பிளந்து கேட்டார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஒருவர், "அக்கா என்னா, ரயில் அறிவிப்பு மாதிரிச் சொல்லுது" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் மேஜை, என் வயிறு, என் மெஷின் என்று நினைத்துக்கொண்டேன்.

பதிமூன்று நிமிஷம் ஆகியிருக்கும். குரல் நின்றது. மருமகளின் முதுகு விறைத்ததைப் பார்த்தேன்.

"என்னம்மா?"

"சுண்டு விரல் கட்டில் கம்பியில பட்டுடுச்சு" என்றாள், கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"தேர்வாளர் பாத்தாங்களா?"

"குனிஞ்சு எழுதிட்டிருக்காங்க."

மருமகளின் இரண்டு கையும் கதவில் பதிந்திருந்தன. அந்த ஒரு விநாடி அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். என் மனசுக்குள் ஓடியதைச் சொல்கிறேன்: சொல்லாதே, தாயே, பேசாமல் போய்விடு. பத்தொன்பது வருஷம் இருந்த மாதிரி இன்னும் ஏழு நிமிஷம் இருந்துவிடு.

உள்ளேயிருந்து குரல் வந்தது, முன்னைவிடச் சத்தமாக.

"கை பட்டுடுச்சு. இது கெட்டுப்போச்சு. திரும்ப ஆரம்பிக்கிறேன்."

மருமகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பன்னெண்டு எல்லாவற்றையும் குப்பையில் போட்டாள். மறுபடி கை கழுவினாள், ஒவ்வொரு விரலையும் சொல்லிச் சொல்லி. புதுப் பொட்டலம், புதுக் கிளவுஸ். அவசரப்படவே இல்லை. காயத்தைத் துடைத்து, பஞ்சு வைத்து, மேல்துணி வைத்து, பிளாஸ்திரியைக் கிழித்துக் கையில் எடுத்தபோது மணி அடித்துவிட்டது. ஒட்டுவதற்கு அரை நிமிஷம் வேண்டியிருந்திருக்கும்.

தேர்வாளர் நல்ல மனுஷிதான். எழுந்து வெளியே வந்து மருமகளிடம் பேசினார். அவர் பேசாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவங்க உங்க மாணவியா? ரொம்ப நல்லாச் செஞ்சாங்க. விரல் பட்டதை நான் பாக்கவே இல்ல. சொல்லாம இருந்திருந்தா முழு மார்க்கு போட்டிருப்பேன்."

"அதைச் சொன்னதுக்கு ஒண்ணும் இல்லையா மேடம்?"

அவர் கையிலிருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா. இருபத்திரண்டு கட்டம் இருக்கு. அதுக்குன்னு ஒரு கட்டம் இல்லையே. முடிச்சாங்களான்னு ஒரு கட்டம் இருக்கு. முடிக்கல."

அன்று தேர்வு எழுதிய பதினோரு பேரில் பத்துப் பேர் பாஸ். டீச்சரம்மா வாழ்க என்று அவளைச் சுற்றிக்கொண்டு கைகொடுத்தார்கள். அவள் எல்லாருக்கும் கைகொடுத்தாள், சிரித்தாள். கண் மட்டும் பன்னெண்டு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது. அவள் என் வண்டியில், பின்னால், மடித்த விரிப்புகளின்மேல் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

அவள் வீட்டு வாசலில் எழுப்பியதும் பன்னெண்டு கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பேரு பாஸ் டீச்சர்?"

மருமகள் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க ஏன் அழுறீங்க? அந்தப் பொம்மைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, எனக்கும் தெரியும். சும்மா இருந்துடலாம்னு நினைச்சேன் டீச்சர், சத்தியமா நினைச்சேன். வாய் தானா வந்துடுச்சு. நீங்க அப்படிப் பழக்கிட்டீங்க."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாள். என் மருமகள் அன்றைக்கு இரவும் மறுநாளும் சாப்பிடவில்லை. மகன் தட்டோடு போய் நின்றான், திரும்ப எடுத்து வந்தான்.

அப்புறம் கடிதம் எழுத ஆரம்பித்தாள். கல்லூரிக்கு ஒன்று, தேர்வுக் குழுவுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. தாளில் கட்டம் இல்லாதது மாணவியின் குற்றமா என்று கேட்டு நாலு பக்கம். குழுவிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: விதிப்படி முடிவு செய்யப்பட்டது. துறைத் தலைவி கூப்பிட்டு, "நீ ரொம்ப உணர்ச்சிவசப்படறே. பகல் வகுப்புக்கு மாறிக்கோயேன்" என்றாராம்.

நானே ஒருநாள் நேரில் போனேன். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்து, நான் யார், எங்கிருந்து எழுந்து வந்தவன், எத்தனை பேருக்கு வேலை கொடுத்திருக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். துறைத் தலைவி பொறுமையாகக் கேட்டார். "உங்களை மாதிரி ஆளுங்களைப் பாத்தா பெருமையா இருக்கு" என்றார். பிறகு மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் பேசி முடியாத காரியம் அதுவரை இருந்ததில்லை.

அறிவிப்பில் இருந்த தேதி வந்தது. பன்னெண்டை வார்டிலிருந்து எடுத்து, கீழ்த்தளத்துத் துணி ஸ்டோரில் போட்டார்கள். நான் விரிப்பு இறக்குகிற இடம்தான். ஜன்னல் இல்லை, ஒரு குழல்விளக்கு. எண்ணி வாங்கி அடுக்க வேண்டும், எண்ணிக் கொடுக்க வேண்டும். ஆளைத் தொட்டுத் தூக்கின கை.

"என் கூடத்துக்கு வந்துடு" என்றேன். "மேற்பார்வை வேலை தர்றேன். இந்த இருட்டுல ஏன் கெடக்கணும்?"

"வேணாம் ஐயா. மேல முப்பதாம் கட்டில்ல ஒரு பெரியவரு இருக்காரு, நாலு மாசமா. அவரை வலப்பக்கமாத் திருப்பக் கூடாது, இடுப்பு எலும்பு குத்தும். புதுசா வந்த பொண்ணுக்கு அது தெரியாது. விரிப்பு குடுக்கிற சாக்குல வாசல்ல நின்னு சொல்லிட்டு வருவேன். இங்க இருந்தாத்தான் அதுக்காவது முடியும்."

இதை நான் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன். மருமகள் கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புது வருஷத்து மாலை வகுப்பு தொடங்கியது. பதினாலு பேர். பகல் வகுப்புக்கு அவள் மாறவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. பன்னெண்டின் கதை எல்லா வார்டுக்கும் பரவியிருந்தது. முதல் பிராக்டிகல் வகுப்பில் அவள் வழக்கம்போல், கை பட்டால் யாரும் பார்க்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவர், ஐம்பது வயது இருக்கும், எழுந்திருக்கிறார்.

நடந்ததை வண்டியில் எனக்கு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. அந்தப் பன்னெண்டு அக்கா சொல்லாம இருந்திருந்தா பாஸ்தான?"

"ஆமா அண்ணே."

"இப்ப நர்ஸா இருந்திருப்பாங்க."

"இருந்திருப்பாங்க."

"அப்ப நாங்களும் சொல்லணுமா?"

வகுப்பே அவளைப் பார்த்திருக்கிறது. சுவரோரம் நின்றவர்கள் உட்பட.

"சொல்லணும்" என்றாளாம். "சொன்னா பெயில் ஆகலாம். ஆக மாட்டீங்கன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. எனக்கு வேற மாதிரிச் சொல்லிக்குடுக்கத் தெரியாது அண்ணே."

அவர் உட்கார்ந்தார். இடைவேளைக்குப் பிறகு இரண்டு பெண்கள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு. அவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் சொன்னது சரியா மாமா?" என்று கேட்டாள்.

சிக்னலில் வண்டி நின்றிருந்தது. எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று என் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றாள்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கல்லூரி வாசலில் நிறுத்தினேன். கதவைத் திறந்தாள், ஒரு காலைக் கீழே வைத்தாள், அப்படியே உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். நான் நகர்த்தவில்லை. இன்னும் இரண்டு தடவை அடித்தான். பிறகு அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி உள்ளே போனாள்.